வேலை கொடுப்பவர் எதற்குக் காசு கேட்கிறார்?

"உங்கள் சுயவிவரத்தை எங்கள் தேர்வுக் குழு பரிசீலித்தது. வீட்டிலிருந்தே செய்யும் பணிக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். அனுபவம் தேவையில்லை. தினமும் இரண்டு மணி நேரம் போதும். இடங்கள் குறைவு, இன்று மாலைக்குள் உறுதி செய்யவும்."

இப்படி ஒரு மெயில் வந்தால், அதில் என்ன இல்லை என்று முதலில் பாருங்கள். என்ன வேலை, யாருக்குக் கீழே, சம்பளம் எந்தத் தேதியில், எப்படிக் கணக்கிடப்படும் என்று எதுவுமே கிடையாது. உண்மையான வேலைக்கான மெயில் பெரும்பாலும் அலுப்பூட்டும். பதவியின் பெயர், விளம்பர எண், தேவையான தகுதி, நேர்காணல் எத்தனை சுற்று என்று நீட்டி முழக்கும். ஆளைச் சலித்தெடுக்க வேண்டியவர் நிபந்தனை போடத்தான் செய்வார். ஏமாற்ற வந்தவருக்கு யார் மாட்டினாலும் சரிதான், அவருக்கு எதற்கு நிபந்தனை? அனுபவம் வேண்டாம், சம்பளம் அதிகம், இன்றே சொல்ல வேண்டும் என்று மூன்றும் ஒரே மெயிலில் சேர்ந்துவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அளவுகோல் காலாவதியாகிவிட்டது. இன்றைக்கு எழுதித் தரும் செயலிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. மோசடிக்காரரின் மெயில்தான் சில சமயம் உண்மையான ஹெச்ஆர் எழுதுவதைவிடச் சுத்தமாக இருக்கிறது. லோகோ, கையெழுத்து, முத்திரை எல்லாமே நகல் எடுக்கக்கூடியவைதான். ஆகவே மெயில் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது, பதில் எங்கே போகும், பணம் எந்தப் பக்கம் நகரப்போகிறது என்ற மூன்றைத் தேடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

முகவரியைப் படிக்கிற விதம்

கைபேசியில் மெயில் செயலி அனுப்பியவரின் பெயரை மட்டும்தான் பெரிதாகக் காட்டும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் உள்ளே இருக்கும் முகவரி தெரியும். அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசிப் புள்ளிக்கு ஒட்டி இடதுபக்கம் இருக்கும் சொல்தான் பொதுவாகச் சொந்தக்காரரைக் காட்டும். சில நாடுகளின் முகவரிகளில் முடிவுப் பகுதியே இரண்டு துண்டாக இருக்கும், அப்போது இன்னும் ஒரு புள்ளி தள்ளிப் பாருங்கள். ஒரு பெரிய கம்பெனியின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, கடைசியில் 'ஹையரிங் டெஸ்க் டாட் காம்' என்று முடிந்தால், அது அந்தக் கம்பெனியின் முகவரி இல்லை. கம்பெனிப் பெயரோடு கோடு போட்டு 'கேரியர்ஸ்', 'ஜாப்ஸ்', 'ஹெச்ஆர்' என்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது தனி டொமைன்தான், அதாவது தனியாகப் பதிவு செய்த இணையப் பெயர். அதைக் கம்பெனி வாங்கியிருக்கலாம், யாரோ ஒருவர் நேற்று இரவு வாங்கியும் இருக்கலாம்.

எழுத்தை மாற்றி ஏமாற்றுவது இன்னொரு வகை. தமிழில் 'ர'வும் துணைக்காலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைப்போல, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஆர்' (r), 'என்' (n) இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' (m) போலவே இருக்கும். பெரிய ஐ, சிறிய எல், எண் 1 மூன்றும் சில எழுத்துருக்களில் ஒரே கோடுதான். ரஷ்ய மொழியின் சிரிலிக் 'அ' எழுத்து, ஆங்கில ஏ-யின் சிறிய வடிவத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போகும். கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு எழுத்து. சந்தேகம் வந்தால் முகவரியை நகலெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டி, எழுத்துருவை மாற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, பதில் பொத்தானை அழுத்துங்கள். அனுப்ப வேண்டாம், 'பெறுநர்' இடத்தில் எந்த முகவரி விழுகிறது என்று மட்டும் பாருங்கள். மெயில் ஒரு கம்பெனி முகவரியிலிருந்து வந்து, பதில் வேறொரு இலவச மெயில் கணக்குக்குப் போவதாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. 'ரிப்ளை டு' (பதில் போக வேண்டிய முகவரி) என்ற தலைப்பு வரியை அனுப்புகிறவரே நிரப்பலாம் என்பதால்தான் இது நடக்கிறது.

இன்னும் ஆழமாகப் பார்க்க நினைத்தால், கணினி உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை எடுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். பெயர் பெற்ற நிறுவனத்தின் டொமைனிலிருந்து வந்ததாகச் சொல்லும் மெயிலில் டிமார்க் 'ஃபெயில்' என்றிருந்தால், யாரோ அந்த முகவரியைப் போலியாகப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 'பாஸ்' என்று இருந்தால் நம்பலாமா? கூடாது. அந்தச் சோதனை சொல்வதெல்லாம், இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டுமே. அந்த டொமைனே மோசடிக்காரருடையது என்றால் மூன்றும் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் டிமார்க் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. மொத்தமாக அனுப்பும் மோசடிக் கும்பலும் அதற்கேற்பத் தங்கள் டொமைனை ஒழுங்காக அமைத்துக்கொள்ளத்தான் செய்யும்.

டொமைனின் வயதைப் பார்க்க, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கம் இருக்கிறது, கட்டணம் இல்லை. 'கிரியேட்டட்' என்ற தேதியைப் பாருங்கள். இருபது வருடக் கம்பெனி என்று மெயில் சொல்ல, டொமைன் பதிவாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுமில்லை. பழைய தேதி இருந்தால் மட்டும் அவசரப்பட்டு நம்பிவிட வேண்டாம். காலாவதியான பழைய டொமைன்களை வாங்கிப் பயன்படுத்துவதும் உண்டு. தளத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சமாதானம் ஆகிறவர்களுக்கு ஒரு தகவல்: பூட்டு என்பது இடையில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதற்கான அடையாளம்தான். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ் 2015 முதலே இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

இவ்வளவும் அலுப்பாக இருந்தால் ஒரே ஒரு சோதனை போதும். மெயிலில் உள்ள எந்த லிங்க்கையும் எந்தத் தொலைபேசி எண்ணையும் தொடாமல், கம்பெனியின் தளத்தை நீங்களே தேடிப் போங்கள். அங்கே வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்தப் பணி இருக்கிறதா பாருங்கள். தளத்தில் இருக்கும் பொது எண்ணை அழைத்து, இந்தப் பெயரில் உங்கள் ஹெச்ஆரில் ஆள் உண்டா, இந்த முகவரி உங்களுடையதா என்று கேளுங்கள். மெயிலில் கொடுத்த எண்ணை அழைத்தால் திருடனிடமே சாவி சரியா என்று கேட்ட கதைதான். கூடவே, மெயிலில் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும் ஒரு முழு வாக்கியத்தை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுபொறியில் தேடுங்கள். வார்ப்பு மெயில்கள் என்பதால், அதே வாக்கியத்தைப் பெற்ற வேறு யாராவது எங்காவது புலம்பியிருப்பார்கள்.

பணம் நகரும் திசை

வேலையில் பணம் கொடுப்பவரிடமிருந்து செய்பவருக்கு வரும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பின்புலச் சோதனைச் செலவு, லேப்டாப்புக்குத் 'திருப்பித் தரும்' டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், முதல் காசு உங்களிடமிருந்து கிளம்புகிறது என்றால் அது வேலை இல்லை. "முதல் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்களேன்" என்று பதில் போட்டுப் பாருங்கள். உண்மையான செலவாக இருந்தால் கழித்துக்கொள்ள முடியும். இவர்களிடமிருந்து நிறுவன விதி இடம் தராது என்ற பதில்தான் வரும். தொகை சின்னதாக இருப்பதும் திட்டமிட்டதுதான். போனால் போகட்டும் என்று புகார் கொடுக்காமல் விட்டுவிடும் அளவுக்குத்தான் கேட்பார்கள்.

டேட்டா என்ட்ரி மோசடியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டியவர்கள் தாங்கள் ஏமாந்தோம் என்பதைக்கூட உணராமல், தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துப் பயந்து பணம் கட்டுகிறார்கள். முன்பணம் எதுவும் கேட்க மாட்டார்கள், அதனாலேயே நம்பிக்கை வரும். ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி மின்கையெழுத்து வாங்குவார்கள், அடையாள அட்டை நகலும் வாங்குவார்கள். ஆறு நாளில் 600 படிவங்கள், 90 சதவீதத் துல்லியம் என்ற மாதிரி நிபந்தனை இருக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 100 படிவம். ஒரு படிவத்துக்கு 25 கட்டங்கள். படிவத்துக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலே தினம் பத்து மணி நேரம் ஆகிறது. துல்லியத்துக்கு வருவோம். ஒரு கட்டம் தப்பினால் முழுப் படிவமும் தப்பு என்று ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள். நீங்கள் கட்டத்துக்குக் கட்டம் 99 சதவீதம் சரியாக அடிக்கும் கைதேர்ந்த ஆளாகவே இருந்தாலும், 25 கட்டமும் சரியாக அமைவது நூற்றுக்குச் சுமார் 78 படிவங்களில்தான். 90 படிவம் தேற வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 99.5 சதவீதத்துக்கும் மேலான துல்லியம் வேண்டும். அதுவும் தெளிவாகப் படிக்க முடிகிற மூலத்தை வைத்து. இவர்கள் தருவதோ மங்கலான படங்கள். தோற்பதற்கென்றே வடிவமைத்த வேலை அது.

ஏழாம் நாள் 'தரச் சோதனையில் தோல்வி' என்று மெயில் வரும். சேவைக் கட்டணமாக ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் வழக்கறிஞர் பெயரில், தராசுப் படமும் சிவப்பு எழுத்துமாக இன்னொரு மெயில். 24 மணி நேரத்தில் வழக்கு, கைது, வேலைக்கே போக முடியாது என்றெல்லாம் இருக்கும். இங்கே நிதானம் வேண்டும். வழக்கறிஞர் அறிவிப்பு என்பது நீதிமன்ற ஆணை இல்லை, யாருடைய சார்பிலோ எழுதிய கடிதம். எந்த நீதிமன்றமும் இன்று மாலைக்குள் இந்தத் தனிநபர் கணக்கில் பணம் போடு என்று மெயில் அனுப்பாது. ஒரு முறை கட்டினால் விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டுகிற ஆள் என்று குறித்துவைத்துக்கொண்டு அடுத்த தொகையோடு வருவார்கள். மெயில்களை அழிக்காமல் வைத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, காவல்துறையின் சைபர் பிரிவில் நீங்களே முதலில் புகார் கொடுங்கள்.

'டாஸ்க்' வேலை வேறு ரகம். வீடியோவுக்கு லைக் போடு, விடுதிக்கு நட்சத்திர மதிப்பீடு கொடு என்று மெயிலில் தொடங்கி, உடனே டெலிகிராம் அல்லது வாட்ஸ்அப்புக்கு இழுப்பார்கள். இங்கே முதல் இரண்டு மூன்று முறை உண்மையாகவே காசு வரும். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற வித்தை இது. பிறகு 'முன்பணம் கட்டிச் செய்யும் டாஸ்க்' வரும். அவர்கள் தளத்தில் உங்கள் பெயருக்கு ஒரு இருப்பு ஏறிக்கொண்டே போகும். திடீரென்று இருப்பு மைனஸில் விழும், அதைச் சரிசெய்யப் பணம் கட்டு, எடுக்க வரி கட்டு, கணக்கைத் திறக்க இன்னும் கட்டு என்று நீளும். திரையில் தெரிவது பணம் இல்லை, அந்தத் தளத்தை எழுதியவர் தட்டச்சு செய்த எண். குழுவில் 'எனக்கு வந்துவிட்டது' என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களும் அவர்களின் ஆட்களே.

இன்னும் இரண்டு வேலைகளில் உங்கள் காசு போகாது, ஆனால் அவைதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானவை. ஒன்று, 'பணப் பரிமாற்ற உதவியாளர்'. உங்கள் கணக்கில் தொகை விழும், ஐந்து அல்லது பத்து சதவீதத்தைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கோ கிரிப்டோவாகவோ அனுப்ப வேண்டும். விழுந்த பணம் இன்னொருவரிடம் திருடியது. அவர் புகார் கொடுத்ததும் விசாரணை நேராக உங்கள் கணக்குக்குத்தான் வரும், கணக்கு முடங்கும். மற்றொன்று, வீட்டுக்கு வரும் பார்சலைப் பிரித்துப் படம் எடுத்து, புது முகவரி ஒட்டி அனுப்பும் 'தரச் சோதனையாளர்' வேலை. திருட்டு அட்டையில் வாங்கிய பொருள்கள் அவை. சம்பளம் முப்பதாம் நாள் என்பார்கள், இருபத்தெட்டாம் நாள் தளம் மறைந்துவிடும், பார்சல் ரசீதுகளில் உங்கள் முகவரி மட்டும் மிஞ்சும். காசோலை புழக்கத்தில் உள்ள நாடுகளில் இதற்கொரு தம்பி உண்டு. அலுவலகச் சாமான் வாங்க என்று காசோலை அனுப்பி, குறிப்பிட்ட 'விற்பனையாளருக்கு' உடனே பணம் போடச் சொல்வார்கள். காசோலை முழுதாகத் தேறும் முன்பே வங்கி இருப்பில் தொகையைக் காட்டிவிடும், சில நாள் கழித்துத் திரும்பும். நீங்கள் அனுப்பியது மட்டும் உங்கள் சொந்தப் பணம்.

ஆவணமும் இணைப்பும்

காசே கேட்காமல் அடையாள அட்டையின் இருபக்கமும், கையில் அட்டையைப் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் கேட்டால், அவர்களுக்கு வேண்டியது அதுதான். அதை வைத்து உங்கள் பெயரில் கணக்குத் திறக்கலாம், கடனும் கேட்கலாம். ஆவணத்தைக் கம்பெனி உண்மை என்று உறுதியான பிறகு மட்டும் கொடுங்கள். நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேல் ஓடும்படி, 'இன்ன கம்பெனியின் வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். ஓடிபி, வாட்ஸ்அப்பில் இணைக்கச் சொல்லும் க்யூஆர் கோடு, 'லேப்டாப்பை நாங்களே அமைத்துத் தருகிறோம்' என்று எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டுச் செயலி, இவை மூன்றுக்கும் நேர்காணல் கட்டத்தில் எந்த நியாயமும் கிடையாது.

இணைப்பில் வரும் ஆஃபர் லெட்டர் விஷயத்தில், விண்டோஸ் கோப்பு நீட்டிப்புகளை (பெயரின் கடைசியில் கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகளை) இயல்பாகவே மறைத்துவைக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 'பிடிஎஃப்' என்று முடிவதுபோல் தெரியும் கோப்புக்குப் பின்னால், திறந்ததும் நிரலாக ஓடும் 'இஎக்ஸ்இ' ஒளிந்திருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் நீட்டிப்புகளைக் காட்டும்படி மாற்றிவையுங்கள். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு வந்து, கடவுச்சொல்லும் அதே மெயிலில் இருந்தால் ரகசியம் காக்க அல்ல அந்தப் பூட்டு. உள்ளே இருப்பதை வைரஸ் சோதனை பார்க்க முடியாதபடி செய்யத்தான். நிரலாளர்களுக்கு இதே தூண்டில் 'கோடிங் டெஸ்ட்' என்று வருகிறது. தெரியாத ப்ராஜெக்ட்டைச் சொந்தக் கணினியில் ஓட்டாமல், தனி மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள்.

முன்னெச்சரிக்கையாக, வேலை தேடுவதற்கென்று தனி மெயில் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் மெயில் உங்களுக்கே வரும். தளத்துக்கு ஒரு சொல் என்று கொடுத்தால், எந்தத் தளத்திலிருந்து முகவரி கசிந்தது என்று பிறகு தெரியும். சுயவிவரத்தில் பிறந்த தேதி, முழு முகவரி, அடையாள எண் எதுவும் தேவையில்லை.

கைமீறிப் போன பிறகு

பணம் அனுப்பிவிட்டால் முதலில் பேச வேண்டியது வங்கியிடம், அதுவும் அதே மணி நேரத்தில். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்புதான் நிறுத்திவைக்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாகக் காவல்துறைப் புகார். தெரியாத பணம் உங்கள் கணக்கில் விழுந்திருந்தால் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், வங்கியிடம் எழுத்தில் சொல்லி அவர்களையே திருப்பச் சொல்லுங்கள்.

கோப்பைத் திறந்துவிட்டீர்கள் என்றால், கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, வேறொரு சாதனத்திலிருந்து மெயில் மற்றும் வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கடவுச்சொல்லோடு நிறுத்தினால் போதாது. உலாவியில் உள்நுழைந்தபடி இருக்கும் அமர்வையே திருடும் நிரல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு இருபடிச் சரிபார்ப்புகூடத் தடையில்லை. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். மெயில் அமைப்பில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத விதி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வங்கி மெயில்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஒரு ஃபில்டரைப் போட்டுவிட்டுப் போவது பழக்கமான வேலை.

மோசடி மெயிலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அதைக் கணினியில் இஎம்எல் கோப்பாகத் தரவிறக்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வராத தலைப்பு வரிகள், அதாவது மெயில் எந்த வழியாக வந்தது என்ற விவரங்கள், அதில்தான் இருக்கும், விசாரிப்பவருக்கு வேண்டியதும் அவைதான். டெலிகிராம் உரையாடலை முதலில் சேமியுங்கள், எதிர்த்தரப்பு எப்போது வேண்டுமானாலும் இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும்.

சில வாரம் கழித்து, நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்லி, அதை மீட்டுத் தருவதாக ஒரு மெயில் வரலாம். அரசுத் துறை என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்வார்கள், கோப்புச் செலவுக்குச் சிறு தொகை கேட்பார்கள். தொகை எப்படித் தெரிந்தது என்றால், ஏமாந்தவர்களின் பட்டியல் அந்தக் கும்பலிடமே இருக்கிறது, விற்கவும்படுகிறது. பதில் எழுதாமல் அதையும் இஎம்எல் கோப்பாக்கி, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு அதே காவல் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.